வாயிற் கோலமும் குருத்தோலைத் தோரணமும்
(கிள்ளான் பள்ளத்தாக்கில் நம் இல்ல அலங்காரக் கலையின் வரலாறு)

கார்த்திகை, மார்கழி, தை ஆகிய மூன்று திங்களும் தமிழர் இல்லங்கள் அணி பூணும் காலமாகும். கார்த்திகைக்கு அகல் வரிசை, மார்கழிக்குக் கோலம், தைக்குத் தோரணமும் கரும்பும் என முறைவைத்து நம் தாய்மார்கள் தம் கைகளாலேயே வாயிலை ஒப்பனை செய்து வந்துள்ளனர். இக்கைத்திறன் கடல் கடந்து வந்து கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் எவ்வாறு வாழ்ந்தது, எங்கே தளர்ந்தது என்பதை அன்பர்கள் அறிந்துகொள்வது நன்று.

இவ்வழக்கத்தின் தொன்மைக்குச் சான்றுகள் உள. கார்த்திகை மீனோடு நிறைமதி சேரும் நாளில் தெருவெல்லாம் விளக்கேற்றி மாலை தொங்கவிட்டுப் பழம்பெரும் ஊர் விழாக் கொண்டாடியதை அகநானூற்றின் 141-ஆம் பாடலில் நக்கீரர் குறிப்பிடுகின்றார். ஆண்டாள் அருளிய நாச்சியார் திருமொழியின் முதற்பாசுரத்திலோ, தைத்திங்களில் தரையைத் தூய்மை செய்து மண்டலமிட்டு, மாசியின் முன்னாளில் நுண்மணல் கொண்டு தெருவை அழகுசெய்யும் செய்தி வருகின்றது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆண்டாள் கூறுவது மணல். நம் பாட்டிமார் இட்டது அரிசிமாவு. இன்று நம் பெண்கள் பரப்புவது சாயமேற்றிய அரிசி. ஆகவே பொருள் மாறுவது புதிதன்று. மாறாதிருந்தது வாயில் ஒன்றே. அவ்வாயிலுக்கு என்ன நேர்ந்தது என்பதே நம் நாட்டில் இக்கலையின் வரலாறு எனலாம்.

இரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர்க்குக் கிடைத்தது லயத்து வீடு. ஒரே கூரையின்கீழ் வரிசையாக அடைந்த சிறு அறைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல். வாசலுக்கு முன்னே மண் தரை. வீடு தோட்டத்துரைக்குச் சொந்தம். வாசல் மட்டும் அவ்வீட்டுப் பெண்ணுக்குச் சொந்தமாயிருந்தது. பலர் மாடு வளர்த்தமையால் சாணத்துக்குக் குறைவில்லை. பொழுது ஏறுமுன் சீவினால்தான் பால் நன்கு இறங்கும் என்பதால் விடியுமுன்பே பெரட்டுக்குச் சென்று நிற்க வேண்டும். மார்கழியில் வைகறைத் துயிலெழுதல் ஏனையோர்க்கு நோன்பு. தோட்டத்துப் பெண்ணுக்கோ அது ஆண்டு முழுவதும் உள்ள நடைமுறை! அவ்விருளில், அடுப்பு மூட்டுவதற்கும் பெரட்டுக்கும் இடைப்பட்ட சிறு பொழுதில் இடப்பட்டது அக்கோலம். மழை பெய்து மரம் நனைந்துவிட்டால் அன்று பால்வெட்டு இல்லை, கூலியும் இல்லை. கோலமிட நேரம் கிடைத்த நாளில் கோலம் நிற்க ஈரமற்ற தரை கிடைக்கவில்லை.

1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியைச் சொல்லாமல் விடலாகாது. மரவள்ளிக் கிழங்கே உணவாகி, சயாம் இரயில்பாதைக்கு ஆண்கள் கொண்டுசெல்லப்பட்ட அக்காலத்தில், உண்பதற்கே அரிசியில்லாத வீட்டில் கோலத்துக்கு மாவு ஏது?

நகரத்தின் நிலை வேறு. செங்கற்சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸ் பின்னர் இரயில்வே ஊழியர்களின் இருப்பிடமாயிற்று. தமிழ்நாட்டவரும் யாழ்ப்பாணத்தவரும் குவாட்டர்ஸ் வரிசைகளில் அண்டை வீட்டாராய் வாழ்ந்தனர். கிள்ளானின் கடைவீடுகளில் மாடியில் குடியிருந்தோர்க்கு ஐந்தடி நடைபாதையே வாயில். மேலே கூரை உண்டாகையால் கோலம் மழைக்குத் தப்பியது. நடப்போர் காலுக்குத் தப்பவில்லை.

யாழ்ப்பாணத்தார் கொண்டுவந்த தோரண மரபு தனியே எழுதத்தக்கது. தென்னையின் விரியாத குருத்தோலையை ஈர்க்கிலிருந்து கிழித்து, மடித்து, நறுக்கிக் கயிற்றில் கோப்பர். மங்கலத் தோரணத்தில் நான்கு குருவித்தலைகள் மேல்நோக்கி அமையும். துயர வீட்டுத் தோரணத்தில் மூன்று, அவையும் கீழ்நோக்கி. தெருவில் செல்பவர் வீட்டுக்குள் நுழையாமலே உள்ளே நடப்பது மணமா பிணமா என்று அறிந்துகொள்ளலாம். இதே குருத்தோலையில்தான் நம் மலாய்ச் சகோதரர்கள் நோன்புப் பெருநாளுக்குக் கெத்துப்பாட் கூடு முடைகின்றனர். ஒரே ஓலை, இரு சமூகங்களின் விரல்களில் இரு வேறு உருவம் பெறுகின்றது. இன்று கடைகளில் தொங்கும் நெகிழித் தோரணம் ஆண்டாண்டுக்கும் வாடாது. ஆனால் அதற்கு மூன்றும் நான்கும் தெரியாது.

பெருமாற்றம் தோட்டங்கள் நகரமானபோது நேர்ந்தது. 1952-இல் எஃபிங்ஹாம் தோட்டத்தில் பெட்டாலிங் ஜெயா எழத் தொடங்கியது. 1970-களில் சீபீல்ட் தோட்டத்து நிலத்தில் சுபாங் ஜெயா தோன்றியது. 1921-இல் தொடங்கப்பட்ட பிராங் பெசார் தோட்டம் 1990-களில் புத்ராஜெயா ஆனது. அங்கும் அருகிலுள்ள தோட்டங்களிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு இடம்பெயர்ந்தன. பிரிக்பீல்ட்ஸின் பழைய இரயில்வே யார்டு இருந்த பரப்பில் 2001-இல் கே.எல். சென்ட்ரல் திறக்கப்பட்டது. இம்மாற்றங்களின் நன்மை தீமைகளைப் பலர் எழுதியுள்ளனர். வாயிலைப் பற்றி எழுதியவர் சிலரே. அடுக்குமாடியில் கதவைத் திறந்தால் பொது நடைவழி. மண் இல்லை, சாணம் தெளிக்க இயலாது, இட்ட கோலத்தின்மீது அடுத்த வீட்டார் நடந்தே ஆகவேண்டும். நம் பெண்கள் கோலத்தை மறந்தனர் என்று மேடைகளில் குறைகூறுவோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. மறந்தது கை அன்று, பறிபோனது தரை.

தரை இழந்த கோலம் வேறிடம் தேடிற்று. பலகைமீது பசை தடவி வண்ண அரிசியை ஒட்டும் முறை பரவியது. அக்கோலத்தைத் தூக்கிச் செல்லலாம். தீபாவளிக்கு முன் பேரங்காடிகளின் பளிங்குத் தரையில் மயிலும் தாமரையும் குத்துவிளக்குமாக விரியும் பெருங்கோலங்களை எல்லா இனத்தாரும் நின்று காண்கின்றனர். இதில் ஒரு காலமாற்றமும் உண்டு. மார்கழிக்குரிய கோலம் இந்நாட்டில் ஐப்பசிக்கு நகர்ந்துவிட்டது. தீபாவளிக்குப் பொதுவிடுமுறை உண்டு, வணிகம் உண்டு. பொங்கலுக்கு அவ்விடுமுறை இல்லை. விடுமுறை இருக்குமிடத்தில் அலங்காரம் கூடுதல் இயல்பே.

எனினும் அரிசிக் கோலம் வந்தபின் ஒன்று குறைந்துள்ளது. படம் வரைந்து நிறம் நிரப்பும் திறன் வளர, புள்ளி வைத்துச் சுற்றும் சிக்குக் கோலத்தின் பயிற்சி அருகி வருகின்றது. புள்ளியைத் தொடாமல், கோடு அறுபடாமல், தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் அக்கோலத்தை எழுத்தறியாத பெண்டிரும் நினைவிலிருந்தே இட்டனர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி ஆகியோர் 1970-களில் அக்கோலங்களின் அமைப்பைக் கணினிமொழி இலக்கணத்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர். பாட்டிமார் விரலில் இருந்தது கணிதமே என்பது அதனால் உலகறிந்தது.

திருக்கோயில்களில் நடைபெறும் கோலப் போட்டிகளில் வண்ண அரிசிப் பிரிவோடு புள்ளிக் கோலப் பிரிவொன்றும் இருத்தல் தகும். கோயில் மண்டபத்துக்குக் கூரை உண்டு, அகன்ற தரை உண்டு, அருகில் அமர்ந்து கற்பிக்க மூத்த தாய்மாரும் உளர். வீட்டிலோ அடுக்குமாடியின் நடைவழியே ஆயினும் கதவோரத்தில் ஐந்து புள்ளிச் சிக்குக் கோலத்துக்கு ஓரடி இடம் போதும்.