இலவசம்னா யார் செலவு பண்றாங்க?

பதினோரு வருடங்களுக்கு முன்பு ஒரு மருந்து மொத்த வியாபாரியின் கிடங்கில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அவருக்கு மூன்று கிடங்குகள். ஒன்றில் டேலி, இன்னொன்றில் யாரோ எழுதிக் கொடுத்த விஷுவல் பேசிக் மென்பொருள், மூன்றாவதில் எக்செல். ஒரே மாத்திரைக்கு மூன்று இடத்தில் மூன்று பெயர். காலாவதித் தேதி நெருங்கும் சரக்கு எங்கே எவ்வளவு இருக்கிறது என்று ஒரே திரையில் தெரியவேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

"பெரிய கம்பெனி கருவின்னா லட்சக்கணக்குல ஆகும் அண்ணாச்சி. இது ஓப்பன் சோர்ஸ். இலவசம்" என்றேன்.

"இலவசம்னா அதுக்கு யார் தம்பி செலவு பண்றாங்க?"

சிரித்து மழுப்பினேன். அந்தக் கேள்விக்கான பதில் ஒரு வரலாறு என்று அப்போது எனக்குத் தெரியாது.

பல இடங்களில் கிடக்கும் தரவை எடுத்து, ஒரே வடிவத்துக்கு மாற்றி, ஓரிடத்தில் ஏற்றுவது: இந்த மூன்று வேலைகளின் ஆங்கில முதலெழுத்துகள்தான் இ.டி.எல். தொண்ணூறுகளில் தரவுக் கிடங்குகள் பரவியபோது இதற்கென்றே நிறுவனங்கள் முளைத்தன. கலிபோர்னியாவில் 1993-ல் கௌரவ் தில்லானும் டயஸ் நேசமணியும் இன்ஃபர்மேட்டிகாவைத் தொடங்கினார்கள். டேட்டாஸ்டேஜ் கருவியை வைத்திருந்த அசென்ஷியல் நிறுவனத்தை 2005-ல் ஐ.பி.எம். ஏறத்தாழ 110 கோடி டாலருக்கு வாங்கியது. வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் வாங்கக்கூடிய சரக்கு அது. அண்ணாச்சி மாதிரி ஆட்களுக்கு எக்செலும் இரவு விழிப்பும்தான் வழி.

அதே 2005-ல்தான் காற்று மாறியது. பெல்ஜியத்தைச் சேர்ந்த மாட் காஸ்டர்ஸ், தான் சொந்தமாக எழுதிவந்த கெட்டில் என்ற கருவியின் மூலநிரலை அந்த டிசம்பரில் திறந்துவிட்டார். கெட்டில் என்று பெயர் வைத்தாயிற்று, பிறகென்ன? படம் வரைந்து வேலையை வடிவமைக்கும் திரைக்கு ஸ்பூன், அதை ஓட்டும் நிரலுக்குப் பேன், பல வேலைகளைக் கோத்து ஓட்டுவதற்குக் கிச்சன். ஒரு முழுச் சமையலறையே உண்டு. பெட்டிகளை இழுத்துப் போட்டு, அம்புக்குறியால் இணைத்தால் தரவு நகரும். நிரல் எழுதத் தெரியாதவரும் ஒரு மதியத்தில் கற்றுக்கொள்ளலாம்.

பிரான்ஸிலும் அதே ஆண்டு டேலண்ட் தொடங்கியது. அடுத்த ஆண்டு அதன் ஓப்பன் ஸ்டுடியோ வந்தது. நாம் வரையும் படத்தை அது ஜாவா நிரலாக மாற்றித் தரும்.

இதற்குப் பிறகு நடந்தவைதான் அண்ணாச்சியின் கேள்விக்குப் பக்கத்தில் வருகின்றன. கெட்டிலை 2006-ல் பென்டாஹோ வாங்கியது. பென்டாஹோவை 2015-ல் ஹிட்டாச்சி வாங்கியது. டேலண்ட் 2016-ல் நாஸ்டாக் பங்குச்சந்தைக்குப் போனது. 2021-ல் தோமா பிராவோ என்ற முதலீட்டு நிறுவனம் அதை வாங்கியது. 2023-ல் கிளிக் நிறுவனத்தோடு சேர்ந்தது. 2024 ஜனவரி 31-ஆம் தேதியோடு ஓப்பன் ஸ்டுடியோ நிறுத்தப்பட்டது. இதில் சதி எதுவும் இல்லை. இலவசப் பதிப்பு என்பது கட்டணப் பதிப்பின் வாசல் திண்ணை. உட்காரலாம், இளைப்பாறலாம். ஆனால் வீட்டுக்காரர் மாறினால் திண்ணையை இடிப்பதும் அவர் உரிமை.

என் கதைக்கு வருகிறேன். நான் தேர்ந்தெடுத்த கருவி எது என்பது முக்கியமில்லை. அறுபது சொச்சம் வேலைகளைப் படமாக வரைந்து வைத்திருந்தேன். மூன்றாம் வருடம் புதிய பதிப்புக்கு மாறினேன். நாங்கள் நம்பியிருந்த ஓர் இணைப்பான் அதில் கட்டணப் பதிப்புக்குப் போயிருந்தது. நான் வெளியீட்டுக் குறிப்பைப் படிக்கவில்லை. வேலை தோற்றால் மின்னஞ்சல் வரும்படியும் அமைக்கவில்லை. ஒன்பது நாள் திரையில் பழைய கணக்கே ஓடியது. அதற்குள் ஒரு கிடங்கில் இன்சுலின் பெட்டிகள், நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்பவேண்டிய கெடுவைத் தாண்டிவிட்டன. அண்ணாச்சி திட்டவில்லை. "நோட்டுல எழுதியிருந்தா தெரிஞ்சிருக்கும் தம்பி" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலாம்.

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல்லுக்குள் விலையின்மையும் விடுதலையும் சேர்ந்து கிடக்கின்றன. தமிழில் அந்தக் குழப்பம் இல்லை. இலவச மென்பொருள் வேறு, கட்டற்ற மென்பொருள் வேறு என்று சொல்ல நம்மிடம் சொல் இருக்கிறது. நான்தான் அண்ணாச்சியிடம் தவறான சொல்லைச் சொல்லியிருந்தேன்.

கட்டற்றது என்பதன் பொருளைக் கெட்டிலின் பிற்காலம் காட்டியது. காஸ்டர்ஸும் பார்ட் மார்ட்டென்ஸும் சேர்ந்து அதே நிரலிலிருந்து ஹாப் என்ற கிளையைப் பிரித்தார்கள். 2020-ல் அது அபாச்சி அறக்கட்டளையின் இன்குபேட்டருக்குள் போனது. பின்னர் அங்கேயே முழுத் திட்டமாக ஆனது. தான் எழுதியது கைமாறிப் போன பிறகும் ஒருவர் அதை எடுத்து மறுபடி தொடங்க முடிந்தது. உரிமம் அதற்கு இடம் கொடுத்தது. கெட்டில் கோப்புகளை ஹாப் உள்ளே எடுத்துக்கொள்கிறது. பழைய படங்கள் வீணாகவில்லை.

அறக்கட்டளை வழியாக வந்தவை வேறும் உண்டு. அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.வுக்குள் பிறந்த நைஃபை 2014-ல் அபாச்சிக்கு வந்தது. ஏர்பிஎன்பியில் 2014-ல் மாக்சிம் பொஷெமின் தொடங்கிய ஏர்ஃப்ளோ 2016-ல் வந்தது. மறுபக்கம், 2020-ல் தொடங்கிய ஏர்பைட் அடுத்த ஆண்டே தன் மையப் பகுதியின் உரிமத்தை இறுக்கியது. அதை அப்படியே சேவையாக விற்க வேறு யாருக்கும் அனுமதி இல்லை. அண்ணாச்சிக்கு அதனால் நட்டமில்லைதான். ஆனால் உரிமம் மாறக்கூடிய ஒன்று என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

இப்போது யாராவது என்னிடம் "மலிவா, சுலபமா ஒரு கருவி சொல்லுங்க" என்று கேட்டால், நான் முதலில் திரையைப் பார்ப்பதில்லை. நிரலின் உரிமை ஒரே நிறுவனத்திடம் இருக்கிறதா, பலர் கையில் இருக்கிறதா? நாம் செய்த வேலையைக் கருவிக்கு வெளியே எடுத்துப் படிக்க முடியுமா? ராத்திரி தோற்றால் யாருக்குத் தெரியும், யார் சரிசெய்வார்? அப்புறம், இவ்வளவு பெரிய கருவி வேண்டுமா? ஏர்ஃப்ளோவை நிறுவிப் பராமரிக்க ஒரு ஆள் வேண்டும். ஆளுக்குச் சம்பளம் வேண்டும். மூன்று கிடங்குக்கு அது யானை.

அண்ணாச்சியின் அறுபது வேலைகளையும் நான்கு மாதம் வார இறுதிகளில் உட்கார்ந்து மாற்றினேன். பணம் வாங்கவில்லை. போஸ்ட்கிரெஸ், சாதாரண எஸ்.க்யூ.எல். கோப்புகள், பைத்தானில் சின்னச் சின்ன நிரல்கள், தோற்றால் கணக்குப்பிள்ளையின் போனுக்கு ஒரு செய்தி. அந்தக் கணக்குப்பிள்ளைக்கே எஸ்.க்யூ.எல். சொல்லிக்கொடுத்தேன். போன தீபாவளிக்குப் பேசியபோது, மருந்துப் பெயர் பட்டியலில் புதிதாக இருநூறு வரி தானே சேர்த்திருப்பதாகச் சொன்னார்.

அண்ணாச்சியும் லைனில் வந்தார். "இப்ப இதுக்கு யார் தம்பி செலவு பண்றாங்க?"

"நீங்களும் நானும்தான் அண்ணாச்சி" என்றேன். "அப்பவே சொல்லியிருக்கலாம்ல" என்றார்.