கொட்டியாரத்துச் சோறு

பிரான்சு நாட்டுக் கிராமங்களைத் தனியாகச் சுற்றி வந்தவர்கள் அந்த ஊர்ப் பாணையும் பாற்கட்டியையும் புகழ்ந்து எழுதுவதை நாம் வாசித்திருக்கிறோம். திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றில் இந்தக் கதை மறுபக்கமாக நடந்தது. இங்கே பிரெஞ்சுக்காரர்தான் நம் கிராமத்து அரிசியை எதிர்பார்த்து நின்றார்கள்.

1672ஆம் ஆண்டு மார்ச் மாதம். மன்னன் பதினான்காம் லூயியின் கப்பற்படை, டி லா ஹே என்ற தளபதியின் தலைமையில் கொட்டியாரக் குடாவுக்குள் நுழைந்தது. ஒல்லாந்தரை வெறுத்திருந்த கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கன் அவர்களை வரவேற்றுக் குடாவில் இடமும் கொடுத்தான். கோட்டை வேலை தொடங்கியது. ஆனால், நெடுங்கடல் கடந்து நோயுற்று வந்த அந்தக் கப்பலாட்களுக்கு முதலில் வேண்டியிருந்தது வயிறாறச் சாப்பாடு.

மகாவலி கடலில் கலக்கும் கொட்டியாரம் நெல் விளையும் பூமிதான். ஆயினும் குடிகள் தம் வீட்டுத் தேவைக்கு விளைவித்த நெல் ஒரு படைக்கு எத்தனை நாள் காணும்? உணவு தேடிச் சென்ற கப்பல்களை ஒல்லாந்தர் மறித்தனர். பசியும் நோயும் வாட்ட, ஜூலை மாதம் டி லா ஹே சோழமண்டலக் கரைக்குப் புறப்பட்டான். இங்கே விட்டுச் சென்ற சிறு காவற்படை ஒல்லாந்தரிடம் சரணடைந்தது.

இதற்கிடையில் டி லனறோல் என்பவன் தூதனாகக் கண்டியரசனிடம் அனுப்பப்பட்டிருந்தான். அரண்மனை வாயிலைக் கடக்கும்போது குதிரையை விட்டு இறங்குவது அந்நாட்டு மரியாதை. அவன் இறங்கவில்லை. அரசனைக் காணக் காத்திருக்கவும் பொறுமையின்றி, விடைபெறாமலே திரும்பினான். பலன், விலங்கும் சிறையும். இந்தச் செய்தியை நமக்கு எழுதிவைத்தவன் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயன்.

நொக்ஸும் இதே குடாவுக்கு வந்தவனே. புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' கப்பலில், தகப்பனோடு வந்தான். காசு கொடுத்து உணவு வாங்கினார்கள். ஊரவரும் அன்பாகவே நடத்தினார்கள். ஆனால் 1660 ஏப்ரலில் அரசனின் ஆட்கள் அவர்களைச் சிறைப்பிடித்தனர். தகப்பன் அடுத்த ஆண்டே இறந்தான். மகனோ பத்தொன்பது ஆண்டுகள் கண்டி நாட்டுக் கிராமங்களில் கழித்தான்.

அரசனின் கட்டளைப்படி ஊரவர் முறைவைத்து அவனுக்குச் சோறு போட்டார்கள். பிறகு அவன் அரிசியாகவே கேட்டு வாங்கித் தானே சமைத்தான். தொப்பி பின்னி விற்றான். ஆடும் கோழியும் வளர்த்தான். நெல்லைக் கடன் கொடுத்தான். சில்லறைச் சாமான்களைச் சுமந்து ஊர் ஊராக வியாபாரம் செய்தான். உப்பும் சிறிது இலைக்கறியும் எலுமிச்சம்புளியும் சேர்ந்த சோறே அங்கு நல்ல சாப்பாடு என்று குறித்து வைத்தான். அந்த வியாபாரம்தான் வழிகளையும் கற்றுத்தந்தது. 1679இல் ஒரு தோழனோடு காடு கடந்து அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். 1681இல் லண்டனில் வெளிவந்த அவன் நூல், அன்றைய கிராமத்து அடுப்படியையும் வயலையும் இன்றும் நமக்குக் காட்டுகிறது.

இதை வைத்து அவனை உல்லாசப் பயணியாக எண்ணிவிடக் கூடாது. அவன் கைதி. ஊட்டிய குடிகளும் விரும்பி ஊட்டவில்லை. அது அரச கட்டளை. என்றாலும், பிறர் சோற்றை உண்டவன் அதை விளைவித்தவர்களையும் கவனித்தான் என்பதே அவனுடைய பெருமை.

பிரெஞ்சுக்காரரும் பாடம் படிக்காமல் இல்லை. அக்கரையில் சாந்தோமைக் கைப்பற்றிய அவர்களை அங்கும் முற்றுகையும் பசியும் துரத்தின. அங்கிருந்து உதவி தேடித் தெற்கே சென்ற பெலாஞ்சே டி லெஸ்பினே, அப்பகுதியை ஆண்ட ஷேர்கான் லோதியின் நட்பைப் பெற்றான். அந்த நட்பில் 1673இல் கிடைத்த கடற்கரைக் கிராமமே புதுச்சேரி. கொட்டியாரத்தில் நான்கு மாதம் நிலைக்காதவர்கள் அங்கே 1954 வரை, இடையிடையே இழந்தும் மீட்டும், நிலைத்திருந்தார்கள்.