லோவெல்: கால்வாய்க் கரையில் எழுதப்பட்ட படவிளக்கம்

கால்வாய் ஓடும் பழைய நகரமொன்றைப் படமெடுப்பது கமரா வைத்திருக்கும் எவருக்கும் இலகுவானது. உயர்ந்த செங்கற் சுவர், வரிசையாக யன்னல்கள், அவை தலைகீழாகத் தெரியும் நீர். மாலை வெயில் சற்றுச் சாய்ந்தால் படம் தானாகவே அழகாகிவிடும். ஆனால் பத்திரிகைப் பணிமனையில் காலங்கழித்தவனுக்கு அந்த அழகு மட்டும் போதாது. படத்தின் கீழே என்ன எழுதுவது? யார், எங்கே, எப்போது என்பன தெரியாத படத்தை எந்த ஆசிரியரும் அச்சுக்கு அனுப்பமாட்டார். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள லோவெல் நகரம் இந்தக் கேள்விக்குத் தனது வீதிகளிலேயே விடை எழுத முயன்றிருக்கிறது.

பொஸ்ரனுக்கு வடமேற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில், மெரிமாக் ஆறு 32 அடி கீழிறங்கும் இடத்தில் அமைந்தது லோவெல். அந்த வீழ்ச்சியே நகரின் மூலதனம். பிரித்தானியா தனது நெசவு இயந்திரங்களை வெளிநாடுகளுக்கு விற்பதைத் தடைசெய்திருந்த காலத்தில், அங்குள்ள ஆலைகளைச் சுற்றிப் பார்த்து, தறியின் அமைப்பை மனதிற் பதித்து நாடு திரும்பியவர் பிரான்சிஸ் கபொட் லோவெல் என்ற வணிகர். அவர் 1817இல் மறைந்தார். அவருடைய கூட்டாளிகள் இந்த ஆற்றங்கரையில் எழுப்பிய முதலாவது ஆலை 1823இல் இயங்கத் தொடங்கியது. 1826இல் ஊருக்கு அவரது பெயரைச் சூட்டினர். 1850இல் 33,000 பேர் வாழ்ந்த இந்நகர், பொஸ்ரனுக்கு அடுத்ததாக மாநிலத்தின் இரண்டாவது பெரிய நகராயிருந்தது.

இங்குள்ள கால்வாய்கள் ஏறத்தாழ 9 கிலோமீற்றர் நீளமானவை. அவற்றுள் மூத்ததான போட்டக்கெட் கால்வாய் 1796இல் மரங்களையும் படகுகளையும் அருவியைச் சுற்றி அனுப்புவதற்காகத் திறக்கப்பட்டது. பின்னர் வந்த கால்வாய்களின் நோக்கம் வேறு. ஆற்று நீர் ஆலையின் அடித்தளத்துக்குள் விழுந்து சக்கரத்தைச் சுழற்றும். அந்தச் சுழற்சியைத் தோற்பட்டிகள் மாடி மாடியாகத் தறிகளுக்கு ஏற்றும். இக்கால்வாய்களின் பொறியியலாளரான ஜேம்ஸ் பிரான்சிஸ் இங்கே செய்த பரிசோதனைகளிலிருந்தே இன்று உலகெங்கும் பயன்படும் பிரான்சிஸ் சுழலி பிறந்தது. எங்கள் நாட்டின் விக்டோரியா நீர்மின் நிலையத்திற் சுழல்வதும் அதே வகைதான். 1850இல் அவர் வெள்ளத்தைத் தடுக்கப் பெரும் மரக்கதவொன்றை அமைத்தபோது ஊரார் அதைப் 'பிரான்சிஸின் மடமை' என்று கேலி செய்தனர். இரண்டே ஆண்டுகளில், 1852இல் வந்த வெள்ளத்திலிருந்து நகரைக் காத்தது அந்தக் கதவுதான்.

இவ்வளவையும் சுவரும் நீரும் தாமாகச் சொல்லமாட்டா. படத்தோடு எழுத்து சேரவேண்டும் என்பதை நன்கறிந்தவர் லூயிஸ் ஹைன். தேசியச் சிறுவர் தொழில் குழுவுக்காக ஆலை ஆலையாக அலைந்த இந்த ஒளிப்படக் கலைஞர் 1911இல் லோவெலுக்கும் வந்தார். கங்காணிகளுக்குத் தெரியாமல் சிறுவரின் உயரத்தைத் தமது மேற்சட்டைப் பொத்தான்களைக் கொண்டு அளந்தார். பெயர், வயது, வேலை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டார். முகம் இரக்கத்தைத் தூண்டியது. அதன் கீழிருந்த வயது சட்டத்தைக் கோரியது. 1938இல் சிறுவர் உழைப்பைக் கட்டுப்படுத்தும் நிலையான தேசியச் சட்டம் வந்ததில் இத்தகைய படங்களுக்கும் குறிப்புகளுக்கும் பங்குண்டு.

லோவெலின் பொதுவெளிச் சிற்பங்களை நான் இந்த நகரம் தனக்குத் தானே எழுதிக்கொண்ட படவிளக்கங்களாகவே பார்க்கிறேன். மார்க்கெட் வீதிப் பக்கத்தில் 1985இல் நிறுவப்பட்ட 'தொழிலாளி' சிலை, கால்வாய் தோண்டிய ஐரிஷ் உழைப்பாளியைக் காட்டுகிறது. 1822இல் ஹியூ கமிஸ்கி என்பவரின் தலைமையில் முப்பது பேர் சார்ள்ஸ்ரவுனிலிருந்து நடந்தே வந்து மண்வெட்டியைக் கையிலெடுத்தனர். அதற்குச் சற்றுத் தள்ளி, மிக்கோ கௌஃப்மன் 1984இல் வடித்த 'பெண்களுக்கு வணக்கம்' என்ற வெண்கலச் சிற்பம். ஒன்றோடொன்று பிணைந்து எழும் ஐந்து பெண்ணுருவங்கள் அதிலுள்ளன.

அந்தப் பெண்கள் நியூ இங்கிலாந்தின் பண்ணை வீடுகளிலிருந்து வந்த இளம் யுவதிகள். கம்பனி விடுதிகளில் தங்கி, மணியோசைக்கு எழுந்து, நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கும் மேலாக உழைத்தனர். கூலி குறைக்கப்பட்டபோது 1834இலும், விடுதிக் கட்டணம் உயர்த்தப்பட்டபோது 1836இலும் வேலைநிறுத்தம் செய்தனர். இரண்டாவது வேலைநிறுத்தத்தில் தன் பகுதித் தொழிலாளர்களுக்கு முன்னால் நடந்து வெளியேறிய ஹரியட் ஹான்சனுக்கு வயது 11. சாரா பாக்லி முதலானோர் பத்து மணி நேர வேலைநாளைக் கோரி இரண்டாயிரத்துக்கும் அதிகமான கையொப்பங்களுடன் சட்டசபைக்கு மனுக்கொடுத்தனர். 1845இல் விசாரணை நடந்தது, கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. பெண்களுக்கான பத்து மணி நேரச் சட்டம் மசாசூசெட்ஸில் 1874இல்தான் வந்தது. இன்று கால்வாயோரமுள்ள லூசி லார்கம் பூங்காவில், 1996இல் எலன் ரொதன்பேர்க் அமைத்த படைப்பில் அப்பெண்களின் சொற்கள் கருங்கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. அன்று சட்டசபை ஒதுக்கித்தள்ளிய குரல் இன்று நடைபாதையில் நிற்கிறது.

ஆயினும், எந்தப் படத்துக்கும் ஒரு சட்டகம் உண்டு. அதற்கு வெளியே நிற்பவர் படத்தில் விழமாட்டார். லோவெலின் ஆலைகளுக்கு வந்த பருத்தி தென்மாநிலத் தோட்டங்களில் அடிமைகள் பறித்தது. இங்கே நெய்த முரட்டுத் துணியில் ஒரு பகுதி அதே அடிமைகளுக்கு உடையாகத் திரும்பிச் சென்றது. தெற்கிலே அத்துணிக்கு 'லோவெல்' என்பதே பெயராயிற்று. ஆலையில் உரிமை கேட்டெழுந்த பெண்ணும், தோட்டத்தில் பேச உரிமையற்றிருந்த பெண்ணும் ஒரே நூலின் இரு முனைகள். கால்வாய்க் கரையில் நின்று கமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் இரண்டாவது பெண் தெரியமாட்டாள். அவளை எழுத்தினாலேயே படத்துக்குள் கொண்டுவர வேண்டும். அவளை விட்டுவிட்டால் நாம் எழுதும் விளக்கம் பாதி உண்மைதான்.

ஆலைகள் தெற்கு நோக்கி நகர்ந்தபின் லோவெல் தளர்ந்தது. 1835இல் எழுந்த பூட் ஆலை 1950களின் நடுப்பகுதியில் மூடப்பட்டது. நகர மறுசீரமைப்பு என்ற பெயரில் பழைய கட்டடங்கள் பல இடிக்கப்பட்டன. எஞ்சியவற்றைக் காக்க எழுந்த முயற்சியின் பலனாக 1978இல் தேசிய வரலாற்றுப் பூங்கா உருவானது. 1992இல் பூட் ஆலை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அதன் நெசவுக்கூடத்தில் 88 தறிகள் உள்ளன. அவற்றில் ஒரு சில ஓடும்போதே தரை அதிரும். அந்த இரைச்சலையும் படம் பிடிக்க முடியாது.

1980களில், படுகொலைகளைத் தாண்டி வந்த கம்போடிய அகதிகள் இந்நகரிற் குடியேறினர். 1997 முதல் அவர்களும் ஏனைய தென்கிழக்காசியரும் மெரிமாக் ஆற்றில் தமது நீர்த்திருவிழாவை நடத்தத் தொடங்கினர். 2022இல் கம்போடிய அகதியாக வந்த சொக்காரி சாவ் நகர முதல்வரானார். ஐரிஷ்காரர் வெட்டிய கால்வாய்க்கும் பண்ணைப் பெண்கள் நின்ற தறிக்கும் இப்போது இவர்களும் வாரிசுகள். அடுத்து லோவெலைப் படமெடுப்பவர் தமது படத்தின் கீழே இவர்களுக்கும் இடம்விட்டு எழுதவேண்டும்.