கண்ணைத் தாக்கும் அக்கி: 50 வயதைக் கடந்தவர்கள் கவனத்திற்கு

சிறுவயதில் வந்த சின்னம்மை குணமானாலும், அந்த வைரஸ் உடலை விட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சுகளில் பல ஆண்டுகள் அடங்கிக் கிடக்கும். முதுமையிலோ, நோய் எதிர்ப்புச் சக்தி குறையும்போதோ மீண்டும் கிளம்பும். அதுதான் அக்கி.

முதலில் உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் எரிச்சலும் வலியும் தோன்றும். சில நாட்களில் அந்த இடத்தில் கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளங்கள் வரும். அக்கி வந்தவர்களில் 10 முதல் 20 சதவீதம் பேருக்கு நெற்றிக்கும் கண்ணுக்கும் செல்லும் நரம்பு பாதிக்கப்படுகிறது. மூக்கு நுனியில் கொப்புளம் தெரிந்தால் கண்ணும் பாதிக்கப்படலாம் என்று பொருள். கருவிழியில் தழும்பு ஏற்படலாம், கண் அழுத்தம் கூடலாம், பார்வையே பறிபோகலாம்.

நம் ஊர்களில் காவி மண் குழைத்து 'அக்கி எழுதும்' வழக்கம் இருக்கிறது. அதில் கழியும் நாட்கள்தான் ஆபத்து. அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர் போன்ற மாத்திரைகளைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. முகத்தில் அக்கி என்றால், நாள் கடந்திருந்தாலும் கண் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். மருந்துக் கடையில் தாமாகக் கேட்டுச் சொட்டு மருந்து வாங்கி விடக் கூடாது.

வருமுன் தடுக்க ஷிங்ரிக்ஸ் தடுப்பூசி உள்ளது. இந்தியாவில் 2023 முதல் கிடைக்கிறது. 50 வயதைக் கடந்தவர்கள் 2 முதல் 6 மாத இடைவெளியில் 2 தவணை போட வேண்டும். ஆய்வுகளில் இது 90 சதவீதத்துக்கும் மேல் பாதுகாப்பு தந்துள்ளது. இதில் உயிருள்ள வைரஸ் இல்லை. முன்பே அக்கி வந்தவர்களும் குணமான பிறகு போடலாம். ஓரிரு நாள் கை வலியும் காய்ச்சலும் இருக்கலாம். விலை அதிகம்தான், என்றாலும் வீட்டுப் பெரியவர்களுக்கு, குறிப்பாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, இதுபற்றி மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.