வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார்

வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் (1880–1942), தமிழில் துப்பறியும் நாவல் வேரூன்றிய காலத்தில், ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகிய இருவரோடும் சேர்த்து எண்ணப்படும் நாவலாசிரியர். மன்னார்குடிக்கு அருகே, கோதண்டராமர் கோயிலால் பிரசித்தி பெற்ற வடுவூரில் பிறந்து, பி.ஏ. பட்டம் பெற்று, தாசில்தாராக உத்தியோகம் பார்த்த இவர், எழுத்தின்மீது கொண்ட அபிமானத்தால் அப்பதவியைத் துறந்து, 'மனோரஞ்சனி' என்னும் மாதப் பத்திரிகையின் வாயிலாகத் தம் நாவல்களை வெளியிட்டார்.

ஆரணியார் ஷெர்லக் ஹோம்ஸை ஆனந்தஸிங்காக மாற்றியதுபோல, வடுவூராரும் ரெயினால்ட்ஸ் முதலிய ஆங்கில ஆசிரியர்களின் கதைப் போக்கைத் தழுவியதுண்டு. ஆயினும், அந்தக் கதைகளில் நடமாடும் வக்கீலும் மிராசுதாரும், நாத்தனாரின் வஞ்சனைக்கு ஆளாகும் 'மேனகா'வும், குற்றவாளியைத் தொடரும் திகம்பர சாமியாரும், காவிரிப் பாசனத்து மனிதர்களாகவே பேசுகிறார்கள். சென்னையிலிருந்து மீன்சுருட்டி வழியாகக் கங்கைகொண்ட சோழபுரத்துக்குச் செல்வோர் சோழ ராஜாக்களின் நாட்டைத் தரிசிக்கிறார்கள். ஆனால், கொள்ளிடத்துக்குத் தெற்கே, கச்சேரியும் வியாஜ்யமுமாக வாழ்ந்த பிற்காலச் சோழநாட்டை அறிய விரும்புவோர் 'கும்பகோணம் வக்கீல்' போன்ற நாவலைப் படிக்க வேண்டும். உத்தியோக வாழ்க்கையின் அனுபவம் இல்லாத ஒருவரால் அதனை அவ்வாறு எழுதியிருக்க முடியாது என்பது என் துணிபு.

'மேனகா'வை எம். கந்தசாமி முதலியார் நாடகமாக்க, டி. கே. எஸ். சகோதரர்கள் அதனை மேடையேற்றினர்; 1935இல் ராஜா சாண்டோவின் டைரக்‌ஷனில் அது பேசும் படமாயிற்று. புராணக் கதைகளே திரையை ஆண்டிருந்த அந்நாளில், சமகாலக் குடும்பக் கதையொன்று படமானது சாமானியமான காரியமன்று. என். எஸ். கிருஷ்ணனை ஜனங்கள் திரையில் முதன்முதலாகக் கண்டதும் இப்படத்தில்தான்.

நாவலில் மறைபொருளைத் தேடிய அதே மனம் சரித்திரத்திலும் தேடியது. பண்டை எகிப்திய அரச வம்சத்தாருக்கும் தென்னாட்டு வைஷ்ணவர்களுக்கும் பந்துத்துவம் உண்டென்று நம்பி, அதனை ஸ்தாபிக்க ஏறத்தாழ 900 பக்கங்களில் ஆங்கில நூலொன்றை எழுதினார். அவருடைய சித்தாந்தத்தை அறிஞர் உலகம் ஏற்கவில்லை. ஏற்கத்தக்க பிரமாணமும் அதற்கில்லை. எனினும், பல்லாயிரம் வாசகர்களைப் பெற்ற ஒருவர், பொருள் தரும் கதைகளை விட்டுவிட்டு அவ்வளவு உழைப்பை அதில் செலவிட்டாரென்றால், அந்தத் தேட்டத்தின் தீவிரம் மதிக்கத்தக்கதே.

அவர் காலமாகி எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1950இல், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் 'திகம்பர சாமியார்' படத்தை வெளியிட்டனர். பல வேஷங்களில் தோன்றித் துப்பறியும் சாமியாராக நடித்தவர் எம். என். நம்பியார்.