களைக்கொல்லியும் நாளமில்லாச் சுரப்பிகளும் – ஒரு வரலாற்றுப் பார்வை

சமண இல்லறத்தார் செய்யக்கூடாத தொழில்கள் என்று எங்கள் ஆசாரியர்கள் பதினைந்தை எண்ணி வைத்தார்கள். அவற்றில் ஒன்று விஷ வாணிபம். தானிய வியாபாரியான எனக்கு இதில் ஒரு கேள்வி உண்டு. ஆளைக் கொன்றால்தான் விஷமா? கொல்லாமல் உடம்பின் ஒழுங்கைக் கலைப்பதற்கு என்ன பெயர்? மக்காச்சோள வயலில் தெளிக்கும் அட்ரசின் என்ற களைக்கொல்லியின் வரலாறு இதற்கு விடை சொல்கிறது.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து கெய்கி நிறுவனம் 1958-இல் இதைக் கொண்டு வந்தது. டி.டி.டி.யின் பூச்சிக்கொல்லிக் குணத்தைக் கண்டறிந்ததும் அதே நிறுவனம்தான். களைச்செடி வெயிலிலிருந்து உணவு தயாரிப்பதை அட்ரசின் தடுத்துவிடும். மக்காச்சோளமோ அதைச் சிதைத்துப் பிழைத்துக் கொள்ளும். எவ்வளவு கொடுத்தால் எலி சாகும் என்ற பழைய அளவுகோலில் பார்த்தால் இது சாதுவான மருந்துதான்.

ஆனால் ஹார்மோன் விஷயம் வேறு. நாளமில்லாச் சுரப்பிகள் மிகமிகச் சிறிய அளவில் சுரந்தே உடம்பை ஆள்கின்றன. கருவில் இருக்கும் உயிருக்கு அந்த அளவு சற்றுப் பிசகினாலும் பின்விளைவு ஆயுளுக்கும் நிற்கலாம். 1991-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் தியோ கோல்போர்ன் அம்மையார் கூட்டிய விஞ்ஞானிகள், இப்படிக் குறுக்கிடும் ரசாயனங்களுக்கு 'எண்டோகிரைன் டிஸ்ரப்டர்' என்று பெயரிட்டார்கள்.

பின்பு வந்தவர் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து டைரோன் ஹேய்ஸ். முதலில் உற்பத்தியாளர் தரப்புக்காக ஆராய்ந்து, பிறகு விலகியவர் அவர். ஆயிரம் கோடிப் பங்கில் ஒரு பங்கு அட்ரசின் கலந்த நீரில் வளர்ந்த ஆண் தவளைகளிடம் பெண் உறுப்புக் கூறுகள் தோன்றியதாக 2002-இல் வெளியிட்டார். 2010-இல் சொன்னது இன்னும் வியப்பு: நூறு கோடியில் இரண்டரைப் பங்கு கலந்த நீரில் வளர்ந்த ஆண்களில் பத்தில் ஒன்று பெண்ணாகவே மாறி முட்டையிட்டது! ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றும் அரோமட்டேஸ் என்ற நொதி தூண்டப்படுவதே காரணம் என்பது அவர் கருத்து. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையோ, தவளையின் இனப்பெருக்க உறுப்பு வளர்ச்சிக்குக் கேடில்லை என்று 2007-இல் சொல்லியிருந்தது.

சரி, மனிதருக்கு? அதிக அளவு கொடுத்த பெண் எலிகளில் கருமுட்டை வெளிவரத் தூண்டும் ஹார்மோன் குறைவதை அந்த முகமையே ஏற்றுக்கொண்டிருக்கிறது. மிசௌரி மாநில ஆண்களிடம் 2003-இல் வெளிவந்த ஆய்வொன்று, விந்தின் தரக்குறைவை அட்ரசின் உள்ளிட்ட சில மருந்துகளோடு தொடர்புபடுத்தியது. தொடர்பு என்பது நிரூபணம் ஆகாது. அதற்காக அலட்சியப்படுத்தவும் முடியாது.

இப்போது குடிநீரில் அனுமதிக்கும் அளவைப் பாருங்கள். ஒரு லிட்டருக்கு அமெரிக்காவில் 3 மைக்ரோகிராம். இந்தியத் தர நிர்ணயப்படி (2012) 2. ஐரோப்பாவில் 0.1. நிலத்தடி நீரில் அந்த அளவு மீறிவிடும் என்பதாலேயே ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் அனுமதி மறுத்தது. இந்திய அரசு 2020 மே மாதம் தடை செய்ய உத்தேசித்த 27 மருந்துகளில் அட்ரசினும் இருந்தது. 2023-இல் வந்த இறுதித் தடையாணையில் அது இல்லை.

ஒரே சரக்குக்குக் கடைக்குக் கடை வேறு வேறு எடைக்கல் வைத்தால் வாங்குபவர் சும்மா இருப்பாரா? கள்ள எடையும் எங்கள் நெறியில் திருட்டோடு சேர்ந்த குற்றம். சென்னையானாலும் மும்பையானாலும் பாசலானாலும் கருவில் வளரும் குழந்தையின் உடம்பு ஒன்றுதான். கொல்லாததெல்லாம் விஷமில்லை என்ற பழைய கணக்கை மூடிவிட்டு, எந்த எடைக்கல் சரி என்று கேட்கும் உரிமை நம் வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உண்டு.