டீசல் முள்

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் நான் ஆட்டோ எலக்ட்ரிக் பட்டறை வைத்திருந்த காலத்தில், டிரைவர்கள் டேஷ்போர்டு முள்ளை நம்ப மாட்டார்கள். டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுத்தான் டீசல் பார்ப்பார்கள்.

எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. ஜாம்ஷெட்பூரில் டெல்கோ 1954 முதல் ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸ் கூட்டில் லாரி செய்தது. அந்தக் காலத்துப் பழைய வண்டிகள் பலவற்றில் ஆயில் பிரஷர் மீட்டருக்கு எஞ்சினிலிருந்து மெல்லிய செம்புக் குழாயே வரும். குழாய் விட்டுப்போனால் டிரைவர் காலில் சூடான ஆயில் கொட்டும். ஆனால் முள் பொய் சொல்லாது. பிறகு கரண்ட் மீட்டர்கள் பரவின. கோயம்புத்தூரில் 1975-ல் பிரிக்கால் வந்தபின் மீட்டர் நம் ஊர்ப்பக்கமே தயாரானது.

டீசல் மீட்டரின் வேலை எளிது. டேங்குக்குள் ஒரு மிதவை, அதோடு நகரும் ரெசிஸ்டன்ஸ், அங்கிருந்து முன்னால் ஒரே வயர். கரண்ட் திரும்பும் வழி வண்டியின் இரும்புதான். அதைத்தான் எர்த் என்கிறோம். ஹெட்லைட் போட்டதும் எல்லா முள்ளும் சேர்ந்து நகர்ந்தால் டேஷ்போர்டு எர்த்தைப் பார்க்கவேண்டும். ஒரு முள் மட்டும் தப்பினால் அதன் யூனிட்டை.

1988 தீபத்துக்கு முந்தின வாரம். நாம் அப்போது வட ஆற்காடு மாவட்டம். ஒரு லாரி முதலாளி டிரைவரோடு வந்தார். "டேங்கில் கால்வாசி குறையுது. இவன் டீசல் விக்கிறான். இன்னிக்கே கணக்கு தீர்க்கப்போறேன்" என்றார்.

"குச்சி விட்டுப் பார்த்தீங்களா?" என்றேன்.

"குச்சியும் அவன் குச்சிதானே!"

டிரைவர் மூன்று பிள்ளைக்காரர். வாய் திறக்கவில்லை.

யூனிட் வயரைக் கழற்றி சேஸிஸில் வைத்தேன். முள் ஃபுல்லுக்குப் போனது. ஆக, மீட்டரும் வயரும் சரி. பத்து நாள் முன்புதான் எஃப்.சி.க்காகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். டேங்க் பட்டைக்கு அடியில் புது ரப்பர், போல்ட்டெல்லாம் தடித்த பெயிண்ட். டேங்குக்கு எர்த் எப்படிக் கிடைக்கும்? யூனிட் ஸ்க்ரூவில் ஒரு துண்டு வயர் கட்டி, சேஸிஸில் பெயிண்ட்டைச் சுரண்டி முடுக்கினேன். முதலாளியையே சீட்டில் உட்கார வைத்தேன். அவர் கண்ணெதிரே முள் மெதுவாக முக்காலுக்கு ஏறியது.

மன்னிப்பு எதுவும் கேட்டதாக நினைவில்லை. சாவியை நீட்டி, "லோடு ஏத்திட்டு வா" என்றார். டிரைவர் வாங்கிக்கொண்டு, ஏறுமுன் பழக்கப்படி குச்சியை விட்டுப் பார்த்தார்.